இமயமலைக்கு நடுவே ஒரு யோர்க்‌ஷயர் கல்

கிழக்கு லண்டன் மனோர் பார்க்கில் யோகராஜாவைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர், அவர் எங்கோ கல் உடைக்கிற வேலை செய்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் அதைத் திருத்துவதில்லை. திருத்தினால் விளக்க வேண்டும். விளக்கினால், "இதுக்கும் ஒரு யூனிவேர்சிற்றி சம்பளம் குடுக்குதோ?" என்று கேட்பார்கள்.

கொடுக்கிறது. மத்திய லண்டனில் ஒரு பல்கலைக்கழகம், அதன் நிலவியல் துறை, அதன் நிலக்கீழ் அறை. அங்கே இருபத்தாறு வருடங்களாக யோகராஜா செய்வது இதுதான்: எங்கெங்கோ இருந்து வருகிற கற்களை, விளிம்பில் வைரத்தூள் பதித்த வட்ட வாளால் அறுப்பார். அறுத்ததில் ஒரு சீவலைக் கண்ணாடித் துண்டில் ஒட்டுவார். பிறகு அதைத் தலைமயிரை விட மெல்லியதாகும் வரை தேய்ப்பார். அந்த மெலிவுக்கு வந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட கருங்கல்லும் வெளிச்சத்தை விட்டுவிடும். மேல்மாடியில் இருப்பவர்கள் அதை நுண்ணோக்கியில் வைத்து, மலைகளின் வயதையும் அவை பட்ட பாட்டையும் எழுதுவார்கள்.

கல்லைத் தேய்க்கத் தெரிந்தவர் அதைப் படிப்பதில்லை. படிக்கிறவர்களுக்குத் தேய்க்கத் தெரியாது. இரு தரப்புக்கும் நடுவில் இருப்பது ஒரு நம்பிக்கை மட்டும். கல்லில் எந்த எண் இருந்ததோ அதே எண்ணைத்தான் சீவலிலும் எழுதியிருக்கிறார் என்ற நம்பிக்கை. யோகராஜா அதை இருபத்தாறு வருடத்தில் ஒரேயொரு தடவைதான் மீறினார்.

மீறியதற்குக் காரணம் பக்தி. இதில் வேடிக்கை என்னவென்றால் அவருக்குப் பக்தி கிடையாது. பதினேழு வயதில், யாழ்ப்பாணத்தில், நாலு பேர் கூடி இடதுசாரிப் புத்தகம் வாசிக்கிற ஒரு வட்டத்தில் சேர்ந்து கடவுளை விட்டவர். அந்த வட்டத்தில் படித்த மற்றதெல்லாம் லண்டனில் வீட்டுக் கடன் எடுத்த அன்றோடு போயிற்று. இது மட்டும் நின்றது. சேர்ச் றோட் முருகன் கோயில் தேருக்கு மனைவி நாகேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு போவார். உள்ளே போகமாட்டார். வெளியே நின்று, காரை எங்கே நிறுத்தலாம் என்று பிறருக்கு வழி சொல்வார். அதை ஒரு கொள்கையாகவே செய்துவந்தார்.

மூன்று வருடத்துக்கு முன் அந்த நிலக்கீழ் அறைக்கு ஜெனோஜா வந்தாள். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவள். தாய் தகப்பன் மன்னார்க் கத்தோலிக்கர். கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு இமயமலையை எடுத்திருந்தாள். கதவைத் திறந்து, சுவரில் ஒட்டியிருந்த பெயரை வாசித்துவிட்டு, "அங்கிள், நீங்கள் தமிழோ? தாங்க் காட்!" என்று சொல்லிக் கல்லுப் பெட்டியை மேசையில் வைத்தாள். அன்றிலிருந்து அவர் அங்கிள்.

அவளுடைய விடயம் எளிமையானது. இந்தியாவைச் சுமந்த நிலத்தட்டு வடக்கே நகர்ந்து வந்து, ஏறக்குறைய ஐந்து கோடி வருடங்களுக்கு முன் ஆசியாவில் முட்டியது. முட்டுவதற்கு முன் இரண்டுக்கும் நடுவில் ஒரு கடல் இருந்தது. அந்தக் கடலின் அடித்தரை மடிந்தது, நொறுங்கியது, பிறகு மேலே ஏறியது. உலகத்தின் மிக உயரமான இடங்களில் கடற்பிராணிகளின் மிச்சம் கிடப்பது அதனால்தான். மோதல் முடிந்துவிட்டதென்றும் சொல்ல முடியாது. தட்டு இப்போதும் வருடத்துக்கு நாலைந்து சென்ரிமீற்றர் தள்ளிக்கொண்டிருக்கிறது, ஏறத்தாழ நம் நகம் வளர்கிற வேகத்தில். இப்படி நெரிபட்ட கல்லுக்குள் இருக்கும் கல்சைற் என்ற படிகத்தில் கோடுகள் விழும். அதிகம் நெரிபட்டு, சூடும் ஏறினால் கோடு தடிக்கும். கோட்டை அளந்தால், அந்த இடத்தை மலை எவ்வளவு அமுக்கியதென்று சொல்லிவிடலாம்.

காலமான பேராசிரியர் ஒருவர் எண்பதுகளில் நேபாளத்தின் கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏழு இடங்களில் எடுத்த ஏழு கற்கள் பெட்டியில் இருந்தன. ஆறு கற்கள் வெறும் துண்டுகள். யோகராஜா இரண்டு வாரத்தில் அவற்றை முடித்தார். ஏழாவது, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கறுப்பு உருண்டை. ஒரு பக்கம் சிறிய வாய் திறந்திருந்தது. அதற்குள் ஒரு சுருள், சக்கரம் போல.

அது என்னவென்று அவருக்குத் தெரியும். அம்மோனைற். சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்து அழிந்துபோன பிராணி. நாம் கறி வைக்கிற கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம். வாளுக்கு முன்னால் கல்லை இறுக்கிப் பூட்டி, தண்ணீரைத் திறந்தபோது அந்தச் சுருளின் பள்ளத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. துரு என்றது அனுபவம். விரலால் தொட்டுப் பார்த்தார். விரலோடு வந்தது. குங்குமம்.

யாரோ பெருமாளாகக் கும்பிட்ட கல். சாளக்கிராமம்.

யோகராஜா தண்ணீரை நிறுத்தினார். கடவுள் இல்லை என்பதில் அவருக்கு அப்போதும் சந்தேகம் இருக்கவில்லை. இல்லாத கடவுளை வாளால் அறுக்கலாமா என்பதில்தான் சந்தேகம் வந்தது. சாளக்கிராமத்தை வெட்டினால் ஏழு தலைமுறைக்கு ஆகாது என்று சின்ன வயதில் யாரோ சொன்னதும் அப்போது பார்த்து நினைவுக்கு வந்தது. சைவக் குடும்பத்தில் பிறந்தவருக்குப் பெருமாளைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். பயப்படுவதற்கு அது போதுமாயிருந்தது.

அவளிடம் போய், "பிள்ளை, இதை என்னால வெட்ட ஏலாது" என்று சொல்லியிருக்கலாம். அதற்கு வெட்கம் விடவில்லை. நாற்பது வருட நாத்திகம் ஒரு துளி குங்குமத்தில் போயிற்று என்று எப்படிச் சொல்வது? ஆகவே சுவரோர அலமாரியின் லாச்சியை இழுத்துத் திறந்தார். முதல் வருட மாணவர்களுக்குப் படிப்பிக்க வைத்திருந்த, வட இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர் கடற்கரையில் பொறுக்கிய கறுப்புக் கல் ஒன்றை எடுத்தார். அதே கறுப்பு, அதே சுருள். அதை அறுத்து, தேய்த்து, ஏழு என்று எழுதினார். மிச்சம் வாளில் நொறுங்கிவிட்டதென்று பதிவேட்டில் குறித்தார். அப்படி நொறுங்குவது வழமைதான். ஆகவே யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

உண்மையான ஏழாவது, மதியச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் எலிசபெத் லைன் ரயிலில் மனோர் பார்க் வந்து சேர்ந்தது.

"நேபாளத்துக்காரச் சிநேகிதன் ஒருத்தன் தந்தவன்" என்றார் நாகேஸ்வரியிடம்.

"எங்கட வீட்டில பெருமாளுக்கு என்னப்பா வேலை?" என்று அவர் கேட்டார். கேட்டாரே தவிர, கல்லைக் கையில் வாங்கியதும் முகம் மாறிவிட்டது. முருகனுக்கும் பிள்ளையாருக்கும் நடுவில் ஒரு வெள்ளிக் கிண்ணம் வைத்தார். யூரியூப்பில் பார்த்து, தினமும் பால் வார்க்க வேண்டும், வீட்டில் மச்சம் மாமிசம் புழங்கக்கூடாது என்று தெரிந்துகொண்டார். அன்றோடு அந்த வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி நின்றது. கடவுளை நம்பாத யோகராஜா வீட்டில் மரக்கறியும், மத்தியானத்தில் பல்கலைக்கழகக் கன்ரீனில் கோழியுமாக வாழத் தொடங்கினார்.

அது அவ்வளவோடு போயிருக்கும். ஏழில் ஒன்று பொருந்தாமல் வந்தால் சோம்பேறி மாணவன் அதைப் பிழை என்று ஒதுக்கிவிடுவான். யோகராஜாவும் அதைத்தான் எதிர்பார்த்தார். ஆனால் ஜெனோஜா ஒழுங்கான பிள்ளை. ஒழுங்கான பிள்ளைகள் எதையும் ஒதுக்குவதில்லை. அங்கேதான் வினை வந்தது.

"அங்கிள், இஞ்ச வந்து பாருங்கோவன்." ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு நுண்ணோக்கிக்கு முன்னால் இருத்தினாள். "இது மூண்டாவது கல். கோட்டைப் பாருங்கோ, எவ்வளவு தடிப்பு. இப்ப ஏழாவது. ஒண்டுமே இல்லை! க்ளீன்! சுத்தி எல்லாம் நசிஞ்சிருக்கு, இது மட்டும் நசியேல்லை. ஏன்?"

யோகராஜாவுக்கு ஏன் என்று தெரியும். உலகத்தில் அவருக்கு மட்டும்தான் தெரியும். யோர்க்‌ஷயரில் எந்தத் தட்டும் அந்த மாதிரி வந்து முட்டவில்லை. அந்தக் கல் தன் பாட்டில் கடற்கரையில் படுத்திருந்தது.

"சிலவேளை... பிழையா இருக்கும், பிள்ளை."

"உங்கட வேலையில பிழையோ? போங்கோ அங்கிள்."

அந்த ஒரு சொல்லுக்காகவாவது அவர் வாய் திறந்திருக்க வேண்டும். தேநீர் குடிக்கப் போனார்.

அவள் அந்த ஒற்றைச் சீவலைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை வருடம் வேலை செய்தாள். பெரும் மோதலுக்கு நடுவிலும் சில மூலைகள் அமுக்கம் படாமல் தப்பியிருக்கலாம். பக்கத்திலிருந்த கடினமான பாறை பாரத்தைத் தன் மேல் வாங்கி, பின்னால் இருந்ததைக் காத்திருக்கலாம். கணக்குப் போட்டாள், கணினியில் மாதிரி செய்தாள், படம் வரைந்தாள். எல்லாம் பொருந்தியது. கெட்டிக்காரர்களிடம் உள்ள அபாயம் இது. பொய்யான கல்லைக் கொடுத்தாலும் அதற்கு உண்மை போன்ற காரணம் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு மாநாட்டில் அதற்குக் கைதட்டினார்கள். சுவிஸில் ஒரு பல்கலைக்கழகம் வேலை தர முன்வந்தது. ஆய்வேட்டில் அது ஐந்தாம் அத்தியாயமாயிற்று.

கைதட்டிய செய்தியை அவள் கேக்கோடு கொண்டுவந்து சொன்னாள். யோகராஜா இரண்டு துண்டு சாப்பிட்டார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாளே.

பிறகு, ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு நெருங்கிய ஒரு வெள்ளிக்கிழமை வந்து, "அங்கிள், வாற வியாழன் வைவா. எக்ஸாமினர் ஆர் தெரியுமோ? கல்சைற்றிலயே முப்பது வருசம் இருக்கிற மனுசன். சீவலெல்லாத்தையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். ஏழாவதைத்தான் முதல் பார்க்க வேணுமாம்" என்றாள். பயமும் பெருமையும் கலந்த குரல். "அம்மா சேர்ச்சில பூசைக்குக் குடுத்திட்டா. நீங்களும் உங்கட முருகனிட்டச் சொல்லிவிடுங்கோ."

முப்பது வருடம் கல்சைற்றில் இருக்கிற மனிதர் அது இமயமலை அல்ல என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். அப்போது அந்த அறையில் தனியாக இருக்கப்போவது ஜெனோஜா. யோகராஜா கீழே, வாளுக்குப் பக்கத்தில், பத்திரமாக இருப்பார்.

சனிக்கிழமை காலையில், நாகேஸ்வரி குளிக்கப் போன நேரம், கல்லைக் கிண்ணத்திலிருந்து எடுத்துக்கொண்டு புறப்பட்டார். சேர்ச் றோட் கோயில் ஐந்து நிமிட நடை. ஆனால் அங்கே எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆகவே ரயில் ஏறி, ரொட்டன்ஹாம் கோர்ட் றோட்டில் மாறி, நோர்தேர்ன் லைன் பிடித்து, ஆர்ச்வேயில் இறங்கி, மேடு ஏறி ஹைகேற் ஹில் முருகன் கோயிலுக்குப் போனார். நோக்கம் எளியது: கல்லைக் கோயிலில் விட்டுவிடுவது. விட்டுவிட்டால் கையில் ஒன்றும் இராது; கையில் ஒன்றும் இல்லாவிட்டால் மனதிலும் இராது என்று நினைத்தார்.

ஐயர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல கல்லு. ஆருடையது?"

"ஒரு சிநேகிதன்ட, ஐயா. அவனுக்கு வைச்சிருக்கப் பயமாம்."

"என்ன பயம்?"

"அவனுக்கு இதை வெட்டுற மாதிரி ஒரு... சந்தர்ப்பம் வந்ததாம். வெட்டேல்லை. தோஷம் எண்டு."

"நான் முருகன் கோயில் ஐயர். இது பெருமாள் விசயம். எண்டாலும் எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன். விக்கிரகம் உடைஞ்சு பின்னமானால் பூசைக்கு ஆகாது. இது அப்பிடியில்லை. சாளக்கிராமம் உடைஞ்சாலும், பிளந்தாலும் தோஷமில்லை. சாமி தானா வந்து இருக்கிற கல்லு. அரைவாசியிலயும் இருப்பார்."

யோகராஜா குரலைத் தாழ்த்தினார். "வாளால வெட்டினாலுமோ, ஐயா?"

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "உங்கட சிநேகிதன் என்ன வேலை பாக்கிறார்?"

"கல்லுவேலை."

"கொண்டுபோய் அவரிட்டயே குடுங்கோ. இஞ்ச விட்டுட்டுப் போற சாமானில்லை இது."

மேட்டிலிருந்து இறங்கும்போது அவருக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். இரண்டு வருடத்துக்கு மேலாக அவர் தன்னைப் பற்றி ஒரு கதை வைத்திருந்தார்: செய்தது பிழை, ஆனால் ஒரு புனிதமான பொருளைக் காப்பாற்றப் போய்ச் செய்த பிழை. அந்த 'ஆனால்' ஆர்ச்வே ஸ்டேஷன் வாசலில் கழன்று விழுந்தது. காப்பாற்ற வேண்டியிருந்த எதுவும் இருக்கவில்லை. அவர் காப்பாற்றியது தன் வெட்கத்தை. கேட்டிருந்தால் எந்த ஐயரும் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருப்பார். ஐயரிடம் கேட்பது அவருடைய கொள்கைக்கு விரோதம்.

வீட்டில் நாகேஸ்வரி வெறும் கிண்ணத்தோடு நின்றார்.

"எங்கயப்பா கல்லு?"

சொன்னார். உடுப்புக்கூட மாற்றாமல், சோபாவின் ஓரத்தில் இருந்து, முழுவதையும் சொன்னார். நாகேஸ்வரி கிண்ணத்தைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். முடிந்ததும் கிண்ணத்தை மேசையில் வைத்தார்.

"அப்ப, களவெடுத்த கல்லுக்கோ நான் இவ்வளவு நாளும் பால் வார்த்தனான்?"

"களவு எண்டில்லை..."

"வேற என்ன? சாமியை வைச்சு என்னையும் கள்ளியாக்கிப் போட்டியள். சரி, என்னை விடுங்கோ. அந்தப் பிள்ளை ஆரிட்ட நம்பி வந்தது? தமிழ் அங்கிள் எண்டு வந்தது. வெள்ளைக்காரனிட்டக் குடுத்திருந்தா வெட்டிக் குடுத்திருப்பான்."

அது உண்மை என்பதுதான் சிக்கல். கும்பிடத் தெரியாத ஒருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் அவளுக்கு நியாயம் கிடைத்திருக்கும். கும்பிடவும் மாட்டேன், வெட்டவும் மாட்டேன் என்ற ஒருவரிடம் அவள் அகப்பட்டாள்.

"திங்கக்கிழமை போய்ச் சொல்லுங்கோ. சொல்லாமல் வீட்டுக்கு வராதேங்கோ" என்றார் நாகேஸ்வரி.

திங்கட்கிழமை காலை ஜெனோஜா மேல்மாடியில் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள், சுவரைப் பார்த்து, ஆங்கிலத்தில். யோகராஜா மேசையில் கல்லை வைத்தார்.

"என்ன அங்கிள் இது?"

"ஏழாவது."

அவள் சிரித்தாள். "ஏழாவது உடைஞ்சு போச்சே."

"உடையேல்லை. நான் வெட்டேல்லை, பிள்ளை. வெட்ட மனம் வரேல்லை. வேற கல்லை வெட்டி நம்பர் போட்டனான்."

ஜெனோஜா கல்லை எடுத்தாள். வாயைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள். முதலில் கேட்டது ஆராய்ச்சியாளரின் கேள்விதான். "அப்ப அந்தச் சீவல் எங்கத்தையான்?"

"யோர்க்‌ஷயர்."

"யோர்க்‌ஷயர்." அவள் கண்ணை மூடித் திறந்தாள். "நான் சப்டர் ஃபைவ் முழுக்க... இமயமலைக்கு நடுவில இங்கிலாந்தை வைச்சிருக்கிறன். அங்கிள், நீங்கள் என்ட கேக் சாப்பிட்டனீங்கள்."

"ஓம்."

"எனக்குக் கை தட்டினவை எண்டு நான் வந்து சொல்லேக்க நிண்டு கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்."

"ஓம்."

"ஓம் ஓம் எண்டு சொல்லாதேங்கோ!"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அதுவும் சரியாகப் படவில்லை.

"அம்மா மடு மாதா கோயில் மண் ஒரு போத்தலுக்க போட்டு வைச்சிருக்கிறா, தெரியுமோ?" என்றாள் கல்லை மேசையில் வைத்துவிட்டு. இப்போது குரல் தாழ்ந்திருந்தது. "அதைக் கொண்டுபோய் லாபில அரைச்சுத் தா எண்டு ஆரும் கேட்டால் நானும் மாட்டன். எனக்கு விளங்கியிருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற கல்லு எடுத்திருப்பன். ஒரு வார்த்தை, அங்கிள்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். ஐயரும் மனைவியும் இவளும், மூன்று பேருமாகச் சேர்ந்து அவருக்கு ஒரு சாக்குப்போக்குக்கூட மிச்சம் விடவில்லை.

"வெட்டலாமோ இப்ப?" என்று கேட்டாள்.

"வெட்டலாம். ஐயர் சொன்னவர்."

"ஐயரைக் கேக்கேல்லை. உங்களைக் கேக்கிறன்."

"வெட்டுறன்."

வழமையாக மூன்று நாள் எடுக்கிற வேலை. அன்று பின்னேரம் நாலரைக்கு முடித்தார். வாள் கல்லில் இறங்கியபோது அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. விளக்கும் அணையவில்லை. இதையா இவ்வளவு காலம் பயந்தோம் என்ற நினைப்பு, பயந்ததை விட மோசமாக இருந்தது. சீவலை நுண்ணோக்கியில் வைத்து ஜெனோஜா பார்த்தாள். தடித்த கோடுகள், ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு. மற்ற ஆறையும் போல ஏழாவதும் நன்றாக நெரிபட்டிருந்தது. தப்பிய மூலை எதுவும் இருக்கவில்லை.

அவள் அன்றே மேற்பார்வையாளருக்கு எழுதினாள்: சீவல் மாறிவிட்டது, ஐந்தாம் அத்தியாயத்தை மீளப் பெறுகிறேன். மாறிவிட்டது என்றுதான் எழுதினாள். யார் மாற்றினார் என்று எழுதவில்லை. அதை யோகராஜாவே துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னார். தலைவர் இரண்டு தடவை கேட்டுவிட்டு ஒரு படிவத்தை எடுத்தார். கவனக்குறைவு, உபகரணக் கோளாறு, பயிற்சிக் குறைவு என்று பெட்டிகள் இருந்தன. கடைசியில் 'வேறு' என்பதில் அடையாளம் இட்டு, எழுத்து மூல எச்சரிக்கை ஒன்று கொடுத்தார். அது போதாது என்று யோகராஜா நினைத்தார். கையெழுத்து வைத்தார்.

வைவா மூன்று மாதம் தள்ளிப்போயிற்று. சுவிஸ்காரர்கள் காத்திருக்கவில்லை. வேறு யாரையோ எடுத்தார்கள். ஐந்தாம் அத்தியாயம் இல்லாத ஆய்வேட்டை ஜெனோஜா எழுதி முடித்தாள், பட்டமும் கிடைத்தது. கைதட்டக் கூடியதாக அதில் ஒன்றும் இல்லை, எல்லாம் உண்மை. அதே துறையில் ஒரு வருட வேலை கொடுத்தார்கள். அந்த மாதங்களில் அவளுடைய கற்களை வேறு மாணவர்கள்தான் கீழே கொண்டுவந்தார்கள்.

பட்டம் கிடைத்து ஆறு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, கதவு திறந்தது. ஜெனோஜா ஒரு பெட்டியை மேசையில் வைத்தாள். பதினொரு கற்கள், லடாக்கிலிருந்து. ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் படம் எடுத்து, நிறுத்து, பட்டியல் போட்டிருந்தாள்.

"எல்லாம் வெட்ட வேணும், அங்கிள். வெட்டக்கூடாதது ஏதும் இருந்தா இப்பவே சொல்லுங்கோ."

யோகராஜா ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "ஒண்டும் இல்லை, பிள்ளை."

"சரி."

அவர் முதல் கல்லைப் பூட்டினார். அவள் போவாள் என்று நினைத்தார். அவள் கதிரையை இழுத்து, வாளுக்கு எதிரே போட்டு, பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மேல உமக்கு வேலை இல்லையோ?"

"இருக்கு. நான் இருக்கிறன். நீங்கள் வெட்டுங்கோ."

யோகராஜா தண்ணீரைத் திறந்தார். வெட்டிய பாதியில் எண்ணை எழுதி, அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். அவள் பட்டியலைப் பார்த்து ஒரு சரி போட்டாள். அவர் அடுத்ததை எடுத்தார்.